சுவிட்ச் மேல் ஒட்டிய டேப்பு

“மச்சான், இங்க ஸ்பீக்கர்ல யாரோ ஒரு அம்மா பாவசங்கீர்த்தனம் பண்றாங்க.”

என் மைத்துனன் தாசன் போனில் இதைச் சொன்னபோது நான் ஒரு கத்தோலிக்கக் கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஊர்த் திருவிழா. காலை எட்டே முக்கால். ஒன்பதரைக்குத் திருவிழாப் பூசை. தாசன் இருந்தது கோயிலில் இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம், கல்யாண மண்டபத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு காதுகுத்து விழாவில்.

சவுண்ட் சர்வீஸ் தொழிலில் எனக்கு முப்பத்தோரு வருடம் ஆகிறது. புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் வயர்லெஸ் மைக்கைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. எந்த மாடல் நல்லது, எவ்வளவு தூரம் எடுக்கும் என்று. அதையெல்லாம் கடைக்காரர் சொல்லிவிடுவார். கடைக்காரர் சொல்லாதது கீழே உள்ளது.

1. இரண்டு செட், ஒரே சேனல்

பெல்ட் பேக் என்பது சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு பேட்டரி, வெளியே வால் போல ஓர் ஆன்டெனா, தலையில் ஒரு சுவிட்ச். பேசுபவரின் இடுப்பில் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் சட்டைக்குள்ளே ஏறிப் போய்க் கழுத்துப் பட்டையில் காலர் மைக்காக முடியும். பேக் அனுப்புவதை மேசையில் இருக்கும் ரிசீவர் வாங்கி மிக்ஸருக்குக் கொடுக்கும்.

தான் எந்த ரிசீவருக்கு அனுப்புகிறோம் என்று பேக்குக்குத் தெரியாது. அதே சேனலில், எட்டும் தூரத்தில் எத்தனை ரிசீவர் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கேட்கும். ஒரே சேனலில் இரண்டு பேக் பேசினால் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பது ஜெயிக்கும். பக்கத்துப் பேக்கை அணைத்துவிட்டால், தூரத்தில் இருப்பது உள்ளே நுழையும்.

என்னிடம் இப்படி இரண்டு செட் இருந்தன. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. இரண்டுமே ஒன்றாம் சேனலில் வைத்துத்தான் வந்தன. மாற்ற வேண்டுமென்றால் குண்டூசி முனையால் உள்ளே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் ஒரே இடத்தில் பயன்படுத்தியதே இல்லை என்பதால் நான் குண்டூசி தேடவில்லை.

அந்தத் திருவிழா நாளில் இரண்டு வேலை வந்தது. ஒன்று கோயில் பூசை. மற்றொன்று எதிர் மண்டபத்தில் கலியபெருமாள் தன் பேத்திக்கு வைத்த காதுகுத்து. கோயிலை நான் எடுத்துக்கொண்டேன். மண்டபத்துக்கு இரண்டாவது செட்டோடு தாசனை அனுப்பினேன். நடுவில் ஒரு சாலை, ஒரு டீக்கடை. அறுபது மீட்டருக்கு மேல் இருக்காது.

2. டேப்பு

டேப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடத் திருவிழாவில் ஃபாதர் கை கழுவப் போகும்போது பேக்கை அணைத்துவிட்டு, மறுபடி போட மறந்துவிட்டார். பிரசங்கத்தில் பாதி மூன்று வரிசையைத் தாண்டவில்லை. பின்வரிசைக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கோயில் கமிட்டி என்னைப் பிடித்துக்கொண்டது. “மைக்செட்காரரே, நாங்க உங்களை எதுக்கு வச்சிருக்கோம்?”

எனவே இந்த வருடம் பேக்கை ஆன் செய்து, சுவிட்சின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன். எங்கள் தொழிலில் இது பலரும் செய்வதுதான். ஃபாதர் பேன்ட் பெல்ட்டில் பேக்கை மாட்டி, அதன் மேல் முழங்கால் தாண்டும் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டார்.

“ஃபாதர், இதை நீங்க தொடவே வேணாம். எல்லாம் நான் மிக்ஸர்ல பாத்துக்கறேன்” என்றேன்.

“ரொம்ப நல்லது சாமுவேல்” என்றார் அவர். நாற்பது வயதுக்காரர், ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான். எதையும் குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்புகிற சுபாவம்.

எட்டரை மணிக்கு மைக் டெஸ்ட் முடிந்தது. பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று ஃபாதர் கோயிலின் பக்கத் தாழ்வாரத்துக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போனார். கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் தான் செய்த பாவத்தைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவது அது. நடுவில் ஒரு மரத் தட்டி இருக்கும். சொன்னது அவர்கள் இருவரைத் தாண்டக் கூடாது. சாமியார் அதை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது.

அவர் அங்கே போவதைப் பார்த்ததும் நான் மிக்ஸரில் அவருடைய ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை, அடியோடு கீழே இறக்கினேன். கோயில் ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்பும் வரவில்லை. என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

3. போனில் தாசன்

“என்னடா சொல்ற? சீர் சொல்றதுக்குக் குடுத்த பேக் எங்க?” என்று கேட்டேன்.

“இன்னும் யாருக்கும் மாட்டலை மச்சான். ஆஃப்ல என் பையிலதான் இருக்கு. ஆனா ஸ்பீக்கர் பேசுது. ஒரு அம்மா, அவங்க மாமியார் பண்ணின பாவத்தையெல்லாம் வரிசையாச் சொல்லிட்டு வர்றாங்க. அவங்க பாவம் இன்னும் ஆரம்பிக்கலை.”

எனக்கு விளங்கியது. நான் இறக்கியது என் மிக்ஸரின் ஃபேடரை. ஃபாதர் இடுப்பில் இருந்த பேக் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அறுபது மீட்டருக்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. டேப்பு மூன்று சுற்று.

“ஆம்ப்பை அணைடா!”

“நான் பந்தியில உக்காந்துட்டேன், இலை போட்டாச்சு.”

“எந்திரிச்சுப் போய் அணைடா!”

நாற்காலி நகரும் சத்தம், ஓட்டம், பிறகு பெண்கள் குரல். தாசன் மறுபடி பேசினான்.

“மச்சான், ஆம்ப் முன்னால ரெண்டு அத்தைங்க நிக்கிறாங்க. விட மாட்டேங்கிறாங்க. அந்த மாமியார் நகையை என்ன பண்ணினாள்னு கேட்டுட்டு அணைக்கலாம்ங்கறாங்க.”

“யாருடா அத்தைங்க?”

“வெளியூர்ச் சொந்தம். இந்த ஊர்க் குரல் எதுவும் அவங்களுக்குத் தெரியாது. ஏதோ ரேடியோ நாடகம்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க.”

அதுவரை அது ஒரு சங்கடம்தான். தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் முட்டிபோட்டிருந்தார். அடுத்து நின்றவர் லூர்துசாமி.

லூர்துசாமிக்கும் மண்டபத்தில் இருந்த கலியபெருமாளுக்கும் அடுத்தடுத்த வயல், ஒரே வாய்க்கால். முந்தைய வருடம் தண்ணீர் குறைந்து முறை வைத்து விட்டபோது, கலியபெருமாளின் முறை நாளில் அவர் வயல் காய்ந்து கிடந்தது, லூர்துசாமியின் வயல் நிறைந்து நின்றது. மடையைத் திறந்தது நீதானே என்று கலியபெருமாள் கேட்டார். நண்டு வளை வழியாகப் போயிருக்கும் என்று லூர்துசாமி சொன்னார். ஊர் நடுவில் நின்று சத்தியமும் செய்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. காதுகுத்துக்கு ஊரில் எல்லா வீட்டுக்கும் பத்திரிகை போனது, லூர்துசாமி வீட்டைத் தவிர.

மண்டபத்து அத்தைகளுக்கு இந்த ஊர்க் குரல் தெரியாது. கலியபெருமாளுக்கு லூர்துசாமியின் குரல் நாற்பது வருடமாகத் தெரியும்.

4. லுத்தரன் முட்டிபோட்டது

மைக் ஆனில் இருக்கிறது என்று தாழ்வாரத்தில் நின்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். ஏற்கனவே பாவம் சொல்லி முடித்த இரண்டு பெண்கள் கோயிலுக்குள் நிம்மதியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியிருந்தால் அவர்கள் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள். ஃபாதரிடம் மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு வரிசையில் முந்த வேண்டும்.

லூர்துசாமியின் கையைப் பிடித்தேன். “அண்ணே, நான் ஒரு நிமிஷம் முன்னாடி போயிக்கறேன்.”

“நீயா? நீ லுத்தரன்லய்யா? உனக்கு இங்க என்ன வேலை?”

உண்மைதான். எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் பாவ அறிக்கையை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்துவிடுவோம். தனித்தனியாக யாரும் விவரம் கேட்பதில்லை.

“அவசரம்ண்ணே.”

“எனக்கு மட்டும் அவசரம் இல்லையா? வயக்காட்டு விஷயம்யா. ஒரு வருஷமா நெஞ்சுல கிடக்கு. தைரியம் வந்ததே இன்னைக்குத்தான். இப்ப விட்டா அடுத்த வருஷம்தான்.”

அவருக்குப் பின்னால் நின்ற ஆரோக்கியமேரியம்மாள் தலையை நீட்டினார். அறுபது வயது, கோயிலில் எந்த வரிசையும் அவர் பொறுப்பில்தான் நடக்கும்.

“என்ன தம்பி, வரிசையில வராம?”

“அம்மா, ரெண்டே நிமிஷம். நான் சொல்லியே ஆகணும். இப்பவே.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வியர்வை, நடுக்கம், கையில் பாதி டீ. அவர் முகம் மாறியது.

“லூர்து, வழி விடு. ரெண்டு பேர் முடிக்கிற வரைக்கும்கூடத் தாங்காத பாவம்னா அது ஏதோ பெருசா இருக்கு. நம்மளோடதெல்லாம் இருந்தா என்ன, போனா என்ன.”

லூர்துசாமி ஒதுங்கினார். முன்னால் இருந்த பெண் எழுந்ததும் நான் தட்டிக்கு முன் முட்டிபோட்டேன். பின்னால் வரிசை மொத்தமும் ஓர் அடி முன்னே வந்தது.

பேசினால் மண்டபத்துக்குக் கேட்கும். எனவே முதலில் கையை ஆட்டிப் பார்த்தேன். பயனில்லை. ஃபாதர் வழக்கப்படி கண்ணை மூடி, நெற்றியில் கை வைத்து, காதை மட்டும் தட்டிப் பக்கம் கொடுத்திருந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

தட்டியில் லேசாகத் தட்டினேன்.

“பயப்படாமச் சொல்லுங்க. கடவுளுக்குத் தெரியாதது எதுவும் இல்ல.”

“ஃபாதர், நான் லுத்தரன்” என்று கிசுகிசுத்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“அது பாவத்துல சேராது. மேல சொல்லுங்க.”

“நான் சாமுவேல் ஃபாதர்.”

“சாமுவேலா?” கண்ணைத் திறந்தார். “ரொம்ப சந்தோஷம். எத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்க?”

“வந்ததே இல்ல. ஃபாதர், பேசாதீங்க.”

“பேசாம எப்படிப் பாவசங்கீர்த்தனம் கேக்குறது?”

“உங்க இடுப்பு!”

“என் இடுப்புக்கு என்ன?”

“பேக் ஆன்ல இருக்கு. மண்டபத்துல கேக்குது.”

அவர் முகம் அவர் போட்டிருந்த அங்கியைவிட வெளுத்தது. அங்கியின் பக்கவாட்டுத் திறப்பு வழியே கையை விட்டுத் துழாவினார்.

“சுவிட்ச் எங்க? இங்க என்னமோ சுத்தியிருக்கே!”

“டேப்பு ஃபாதர்.”

“யார் ஒட்டினது?”

“நான்தான்.”

“ஏன் ஒட்டினீங்க?”

“நீங்க அணைச்சுடக் கூடாதுன்னு.”

அவர் ஒரு விநாடி என்னையே பார்த்தார். “இதுதான் உங்க பாவமா?” என்றார். கோபத்தில் கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் தட்டியைச் சுற்றி ஓடி, அவர் பக்கத்தில் முட்டிபோட்டு, அங்கித் திறப்புக்குள் கையை விட்டு, பேட்டரி மூடியை நகத்தால் நெம்பி இரண்டு பேட்டரியையும் வெளியே இழுத்தேன். வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, மைக்செட்காரர் சாமியாரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கதறுகிற காட்சி. ஆரோக்கியமேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

“எத்தனை பேரு போச்சு?” என்றார் ஃபாதர், மிக மெதுவாக.

“மூணு பேரு. கேட்டது வெளியூர்ச் சனம் ஃபாதர், குரல் தெரியாது. நாடகம்னு நெனச்சிருக்காங்க.”

“நீங்க கேட்டீங்களா?”

“இல்ல. டீ குடிச்சேன்.”

“நல்லது. அடுத்தவரை வரச் சொல்லுங்க. பேக்கை எடுத்துட்டுப் போயிடுங்க.”

லூர்துசாமி போய் முட்டிபோட்டார். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அந்த அளவில் நான் நினைத்தது நடந்தது.

தாசனிடமிருந்து போன். “மச்சான், அத்தைங்க கோவமா இருக்காங்க. அந்த லுத்தரன் என்ன பாவம் பண்ணினான்னு சொல்றதுக்குள்ள நின்னு போச்சாம். நீ ஏதும் பயப்படாத. இனிமே அந்தப் பக்கத்துச் சத்தமே வராத மாதிரி நம்ம பேக்கைப் போட்டு கலியபெருமாள் அண்ணன் பச்சை பெல்ட்டுல மாட்டிட்டேன். சீரை அவரே சொல்றாராம். நீ சொல்லிக் குடுத்த மாதிரி டேப்பும் ஒட்டிட்டேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

5. எதிர்த் திசை

ஐந்து நிமிடம் கழித்து லூர்துசாமி எழுந்து வந்தார். கோயிலுக்குள் போகாமல் வாசல் பக்கம் நடந்தார். சாலையைக் கடந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தார். ஃபாதர் அவருக்கு என்ன பரிகாரம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மணி ஒன்பது பத்து. கோயிலில் ஜனம் நிறைந்துவிட்டது. ஃபாதரின் பேக் என் மேசையில் பேட்டரி இல்லாமல் கிடந்தது. பூசைக்கு முன் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஃபேடரை மேலே ஏற்றினேன். பக்கத்துப் பேக் அணைந்திருந்தால் தூரத்துப் பேக் உள்ளே நுழையும் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். அந்த விநாடியில் அது என் நினைவில் இல்லை. கோயிலின் பதினாறு பாக்ஸ் ஸ்பீக்கரிலும், கோபுரத்தில் இருந்த நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் கலியபெருமாள் பேசினார்.

“வாய்யா லூர்து. வழி தெரிஞ்சுதா?”

கையை ஃபேடருக்குக் கொண்டு போனேன். என் மணிக்கட்டின் மேல் இன்னொரு கை விழுந்தது. ஆரோக்கியமேரியம்மாள்.

“தம்பி, கைய எடுங்க” என்றார்.

“கலியா, ஒண்ணு சொல்லணும்” என்றார் லூர்துசாமி. பேக்கை மாட்டியிருந்தவருக்கு எதிரே நின்றதால் அவர் குரலும் தெளிவாக வந்தது. “அன்னைக்கு மடையைத் திறந்தது நான்தான். நண்டு இல்ல.”

தெருவில் போன ஒரு டூ வீலர் நின்றது.

“தெரியும்யா” என்றார் கலியபெருமாள். “வரப்புல மம்முட்டி வெட்டு இருந்துச்சு. நண்டுக்கு ஏதுய்யா மம்முட்டி?”

“தெரிஞ்சுமா ஒரு வருஷம் பேசாம இருந்த?”

“நான் என்னன்னு பேசுறது? அடுத்த முறையில உன் மடையைத் திறந்தது நான்ல.”

லூர்துசாமியின் குரல் ஏறியது.

“அது நீயா? அடப்பாவி! அதை நான் நெசமாவே நண்டுன்னு நெனச்சேன்யா! ரெண்டு நாள் வரப்பு வரப்பா வளை தேடினேன். பதினோரு நண்டு பிடிச்சேன்!”

“பாத்தேன். பாவமாத்தான் இருந்துச்சு.”

“பாத்துக்கிட்டு நின்னியா?”

“குழம்பு வச்சீங்கல்ல? உங்க வீட்டு நண்டுக் குழம்பு வாசனை எங்க வீடு வரைக்கும் வந்துச்சு. அந்த ஆத்திரத்துலதான் பத்திரிகை வைக்கலை.”

கோயில் முழுக்கச் சிரித்தது. பூசைக்கு உடுத்திக்கொண்டு வந்த ஃபாதர் பீடத்தின் பக்கம் நின்று, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆரோக்கியமேரியம்மாள் என் கையை விட்டுவிட்டு, “இப்ப அணைச்சுக்குங்க” என்றார்.

நான் அணைப்பதற்குள் கடைசியாக ஒரு பேச்சு வந்தது.

“உக்காரு, இலை போடச் சொல்றேன்.”

“பூசை முடியட்டும்யா. நற்கருணை அப்பம் வாங்காம சாப்பிட மாட்டேன்.”

“அப்ப உன் இலையை நான் பிடிச்சு வைக்கிறேன். இந்த அத்தைங்க கிட்டேருந்துதான் காப்பாத்தணும்.”

லூர்துசாமி சாலையைக் கடந்து திரும்பி வந்தபோது கோயிலில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை; மண்டபத்து ஸ்பீக்கரும் அதையே பேசியதால் கோபுரத்துச் சத்தம் அவர் காதில் தனியாக விழவில்லை. கடைசி வரிசையில் இடம் விட்டார்கள். ஒருவர் தோளில் தட்டி, “பதினோரு நண்டாண்ணே?” என்று கேட்டார். அவர் என் மேசைப் பக்கம் மெதுவாகத் திரும்பினார். நான் குண்டூசி தேடுவதில் மும்முரமாக இருந்தேன்.

அன்றே கோயில் செட்டை நான்காம் சேனலுக்கு மாற்றினேன். டேப்பு ஒட்டும் பழக்கத்தை விட்டேன். மிக்ஸரில் ஒலியை அடக்குவது வேறு, பேக்கை அணைப்பது வேறு என்பதை வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்கிறேன்.

ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்தது. பெல்ட் பேக்கை ஒருவர் இடுப்பில் மாட்டும் முன் அவர் என்ன பேசப் போகிறார் என்று நான் கேட்பதில்லை. அது என் வேலை இல்லை. “பேசுறதுக்கு முன்னாடி எங்கெங்க போவீங்க? யாரைப் பாப்பீங்க?” என்று மட்டும் கேட்கிறேன். பலர் முறைக்கிறார்கள். ஓர் ஊராட்சித் தலைவர் மட்டும் கோபப்படவில்லை. மேடைக்குப் பின்னால் நின்று நன்றாக யோசித்தார். பிறகு இடுப்பிலிருந்து பேக்கைத் தானே கழற்றி என் கையில் கொடுத்து, “எனக்கு ஒயர் மைக்கே போதும்ங்க” என்றார்.